துவக்குக்காரர் சங்கத்தில் நான் துப்பாத கதை

வெளிநாட்டில் குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவன் யாரையும் நம்ப மாட்டான். தபால்காரர் சிரித்தால், ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பான். சிரிக்காமல் போனால் இன்னும் யோசிப்பான். நானும் நெடுநாள் அந்த நிலையில் இருந்தேன். (என் மனைவி சுகந்தி இதைப் படித்தால், "இருந்தனீங்களோ, இன்னும் இருக்கிறியளோ?" என்று கேட்பாள்.)

அந்த நாட்களில்தான் என் முதலாளி ஜெரார் என்னைத் துப்பாக்கி ஆர்வலர்களின் விருந்துக்கு அழைத்தார்.

பாரிசில் அவருக்குச் சின்ன உணவகம். அதன் குசினியில் எனக்குச் சமையல் வேலை. அதுவரை அவர் என்னிடம் பேசியதில் முக்கால்வாசி வெங்காயத்தைப் பற்றியது. அப்படிப்பட்டவர் ஒரு நாள் தோளில் கை போட்டு, "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சங்கத்துக்கு வா. அரசாங்கம் துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கிக்கொண்டே போகிறது. எங்கள் உரிமையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். பிறகு நல்ல சரக்குகளை ருசி பார்ப்போம். உனக்கு நல்ல மூக்கு இருக்கிறது" என்றார்.

துப்பாக்கி, உரிமை, குடி. குடியுரிமை நேர்முகத்துக்கு முன்னால் ஒரு இலங்கைத் தமிழன் இதில் ஒன்றின் பக்கம்கூடப் போகக்கூடாது. மூன்றையும் ஒரே மேசையில் வைத்து ஒருவர் கூப்பிடுகிறார் என்றால், அவரை ஏவிவிட்டது யார்?

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மரக்கறி வாங்கப் போனபோது கடைக்கார ரூபன் அண்ணையிடம் சொன்னேன். (அவர் கடையில் முருங்கைக்காயும் ஆலோசனையும் கிடைக்கும். முருங்கைக்காய் சில நாள் முடிந்துவிடும்.)

"தம்பி, இது சோதனை" என்றார் குரலைத் தாழ்த்தி. "பிரெஞ்சு நாசியோனாலித்தே குடுக்க முந்தி ஆள் எப்பிடியெண்டு பாக்கிறாங்கள்."

"அப்ப போகாமல் விடட்டோ?"

"போகாட்டில் ஏன் பயந்தவன் எண்டு வரும். போ. ஆனால் அங்கை ஒண்டிலையும் வெறுங்கையை வைக்காதை, கைரேகை எடுத்துப்போடுவாங்கள். எச்சில் கிடைச்சாலும் இப்ப எல்லாம் கண்டுபிடிக்கலாம்."

நான் வந்திறங்கிய கையோடு பிரான்ஸ் என் பத்து விரல்களின் ரேகையையும் எடுத்துவிட்டது. எடுத்ததையே மறுபடி எடுக்க எதற்கு எனக்கு விருந்து வைக்க வேண்டும்? அன்றைக்கு இந்தக் கேள்வி என் மண்டைக்குள் வரவே இல்லை.

விருந்து பாரிசுக்கு வெளியே ஒரு வாடகை மண்டபத்தில். பக்கத்து மண்டபத்தில் யாரோ குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து. கொண்டுவந்த துப்பாக்கிகளை எல்லாம் இரும்பு அலுமாரியில் பூட்டிய பிறகுதான் போத்தலைத் திறப்பது இவர்கள் வழக்கம். ஜெரார் அதைப் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பூட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

சங்கத் தலைவர் முன்பு இறைச்சிக்கடை வைத்திருந்தவர். கள்ளன் துப்பாக்கியைப் பதிவதில்லை, நேர்மையானவன்தான் பதிகிறான், அரசாங்கமோ பதிந்தவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறது என்று பேசினார். எல்லோரும் மேசையில் தட்டினார்கள். நான் தட்டவில்லை. ஊரில் துப்பாக்கியைத் துவக்கு என்போம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார். அது எந்தப் பக்கத்தாரின் கையில் இருந்தாலும் எங்களுக்குப் பயம்தான். இங்கே தலை நரைத்த மனிதர்கள் அதை எங்களிடமிருந்து பறிக்காதே என்று மன்றாடுகிறார்கள். எனக்குக் கோபமே வந்தது. கோபத்தைக் காட்டினால் அதையும் யாராவது கவனித்துவிடுவார்கள் என்று சிரித்து வைத்தேன்.

பிறகு கொன்யாக், அர்மன்யாக், கல்வதோஸ் என்று போத்தல்கள் வந்தன. ஒவ்வொருவரும் முகர்ந்து, ஒரு மிடறை வாயில் உருட்டி, நடுவிலிருந்த வெள்ளி வாளியில் துப்பினார்கள். பலதையும் ருசி பார்க்கிறவர்கள் வெறி ஏறாமல் இருக்க அப்படித்தான் செய்வார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று நான் கண்டது எச்சில் சேகரிக்கும் வாளி.

ஆகவே நான் துப்பவில்லை. வந்ததையெல்லாம் விழுங்கினேன். கிளாசையும் டிஷ்யூ சுற்றித்தான் பிடித்தேன். தலைவர் என் கையையே பார்த்தார். டிஷ்யூவை இன்னும் இறுக்கினேன். "கையின் சூடு படாமல் பிடிக்கிறார் பார், விஷயம் தெரிந்தவர்" என்று அவர் ஜெராரிடம் சொன்னார். சற்று நேரத்தில் மேசையில் பாதிப் பேர் டிஷ்யூ சுற்றியிருந்தார்கள். (இவர்கள் ஏன் ரேகையை மறைக்கிறார்கள் என்று எனக்குப் புதிய சந்தேகம் பிடித்துக்கொண்டது.)

"உங்கள் நாட்டில் உங்களிடம் துப்பாக்கி இருந்ததா?" என்று தலைவர் அன்பாகத்தான் கேட்டார்.

பிழையில்லாத பிரெஞ்சில் என்னிடம் இருந்தது மூன்று வாக்கியம். அகதி விசாரணைக்காகப் பாடமாக்கியவை. எழுந்து நின்று சொன்னேன்: "என்னிடம் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் இருந்ததில்லை. வைத்திருந்தவர் எவரையும் எனக்குத் தெரியாது."

மேசை முழுவதும் கைதட்டல். அரசாங்கம் கேட்டால் இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார் தலைவர்.

அதற்குள் உள்ளே போனது வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது. மேசையின் கடைசியில் சாம்பல் கோட் போட்ட ஒருவர் யாரோடும் பேசாமல் இருந்தார். அவரும் துப்பவில்லை. என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. விரலை நீட்டி, "நீ பொலிஸ். எனக்குத் தெரியும்" என்று உரக்கச் சொன்னேன்.

ஜெராரின் முகம் வெளுத்தது. தலைவர் அந்த மனிதரிடம், "உங்களை யார் கூட்டிவந்தது?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர் தான் இல்லை என்றார். எதிரே இருந்தவரும் தான் இல்லை என்றார். அரசாங்கத்தை நம்பாத அத்தனை பேரும் அவரை முறைக்க, அவர் கிளாசைக் கீழே வைத்தார். தான் பக்கத்து ஞானஸ்நானத்துக்கு வந்தவர் என்றும், அங்கே பழரசம் மட்டும்தான் ஊற்றுகிறார்கள் என்றும் ஒப்புக்கொண்டார்.

அவரை வழியனுப்பிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார்கள். எங்கள் எவர் கண்ணிலும் படாததை இவர் பிடித்துவிட்டார் என்று தலைவர் சொல்ல, எல்லோரும் கையைத் தூக்கி என்னைக் கௌரவ உறுப்பினராக்கினார்கள். மறுக்கலாம் என்று எழுந்தேன். கால் ஒத்துழைக்கவில்லை.

உறுப்பினர் அட்டை தபாலில் வந்தது. குறுக்காக இரண்டு துப்பாக்கி, கீழே என் பெயர். சுகந்தி அதைப் பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"துவக்கைக் கிட்ட நிண்டும் காணேல்லை எண்டு சொல்லித்தானே இஞ்சை இருக்கிறம். இனி எங்களுக்குத் தருவாங்களோ? பிள்ளையின்ரை குடியுரிமை அலுவலும் உங்களோடைதானே கிடக்கு" என்று அழுதாள். அந்தச் சங்கத்தையும் என் மூக்கையும் மனதுக்குள் திட்டினேன்.

நேர்முகத்தில் ஒரு அம்மையார். ஆறுகள், மலைகள், குடியரசு எல்லாம் கேட்டு முடித்து, "ஏதாவது சங்கத்தில் உறுப்பினரா?" என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் இவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால்? உண்மையைச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "துப்பாக்கி வைத்திருக்கிறீர்களா?"

மூன்று வாக்கியத்தையும் எடுத்துவிட்டேன். மூன்றாவது இப்போது பொய் என்பது பாதியில்தான் உறைத்தது. நிறுத்திக்கொண்டேன்.

"பிறகு அங்கே என்ன செய்கிறீர்கள்?"

"சந்தேகப்படுகிறேன், மதாம்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். "என் அப்பாவும் இப்படித்தான். அரசாங்கத்தை நம்ப மாட்டார், பக்கத்து வீட்டுக்காரரை நம்ப மாட்டார், அர்மன்யாக்கை மட்டும் நம்புவார். நீங்கள் எப்போதோ பிரெஞ்சுக்காரர் ஆகிவிட்டீர்கள், முசியோ."

குடியுரிமை கிடைத்தது, எனக்கும் மகளுக்கும். ஆனால் அம்மையார் சொன்னதை வீட்டில் சொன்ன அன்றோடு என் மரியாதை போயிற்று. பால் பெட்டியில் போட்டிருக்கும் திகதியை நான் இரண்டாம் தரம் பார்த்தாலும், பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போனாலும், சுகந்தி உள்ளே குரல் கொடுப்பாள்: "பிள்ளை, ஓடி வந்து பார். கொப்பா பிரெஞ்சுக்காரனாகிறார்."