மெஷினுக்கு ஒன்பது பொட்டு

கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து வேலை வாங்கிய ஒரே மனிதர் இந்தப் பூலோகத்திலேயே எங்கள் பொட்டு அண்ணாச்சிதான். சத்தியமாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. புனே போசரியில் ஒரு தொழிற்சாலை. நான் ஆபீஸ் குமாஸ்தா. அவர் இருபது வருஷமாக இரும்பு கடையும் லேத் ஓட்டிய திருநெல்வேலிக்காரர். ஒருநாள் பழைய லேத்துகளை லாரியில் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டர் வைத்த மெஷின்களை இறக்கினார்கள். ஒரு மாசம் பழகலாம், பிறகு பரீட்சை. தேறாதவர்களுக்கு விருப்ப ஓய்வு. யாருடைய விருப்பம் என்று மட்டும் கேட்கக் கூடாது.

பொத்தான்களில் எல்லாம் இங்கிலீஷ். அண்ணாச்சிக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது. மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கொண்டுவந்துவிட்டார். ஓட்டப் பச்சை, நிறுத்தச் சிவப்பு, டூல் மாற்றப் பாம்புப் பொட்டு என்று ஒன்பது பொத்தானுக்கு ஒன்பது பொட்டு. அந்த அம்மாள் மாசம் முழுக்கக் குங்குமத்தோடு சமாளித்தாராம்.

பரீட்சையன்று காலை, மெஷின் பளிச்சென்று இருக்கட்டும் என்றார் மேனேஜர். என் போதாத காலம், நானே துணியை எடுத்தேன். பொட்டெல்லாம் அழகுக்கு என்று நினைத்து ஒன்பதையும் நகத்தால் சுரண்டித் தள்ளினேன்.

அண்ணாச்சி வந்தார். மெஷினைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பரீட்சை வைக்க வந்த மராத்தி இஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்து, "சுரூ கரோ", ஆரம்பி என்றார். அண்ணாச்சியின் விரல் அந்தரத்தில் நின்றது. தப்பாக அமுக்கினால் டூல் மோதி உடையும், வேலை போகும். அவருக்கு இரண்டு பெண்கள், பள்ளியில் படிக்கிறார்கள்.

அவர் பார்வை என் சட்டைக் கையில் வந்து நின்றது. அங்கே பாம்புப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எதுல இருந்துச்சு வே?" என்றார், மெதுவாக.

"மேல் வரிசையில கடைசி, அண்ணாச்சி." அது ஒன்றுதான் லேசில் வராமல் அடம்பிடித்தது, அதனால் ஞாபகம் இருந்தது.

எடுத்து ஒட்டினார். இஞ்சினியர் என்ன அது என்று கேட்க, பூஜைக்கு என்றார். அந்த நல்ல மனிதர் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

பாம்பு கிடைத்ததும் வழி தெரிந்துவிட்டது. அதற்குக் கீழே பச்சை, பக்கத்தில் சிவப்பு என்று உதடு முணுமுணுக்க, விரல் நகர்ந்தது. மெஷின் ஓடியது. கடைந்து வந்த உருளையை இஞ்சினியர் மூன்று தடவை அளந்தார். நான் திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். "டீக் ஹை", சரியாக இருக்கிறது என்றார் அவர்.

எல்லோரும் போனபின் அண்ணாச்சி கூப்பிட்டார். அறை நிச்சயம் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். பாம்புப் பொட்டைப் பிய்த்து என் நெற்றியில் ஒட்டினார்.

"இதையும் சுரண்டுனீருன்னா கொன்னுருவேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது பிம்ப்ரி வரைக்கும் பஸ்ஸில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அதைத் தொடவே இல்லை. நாளைக்கும் அண்ணாச்சி வேலைக்கு வருவார், அது போதும் எனக்கு.