டோக்கலாவ் தீவும் என் துணிக்கடை ஸ்டூலும்

பாறசாலை,
புதன்கிழமை.

அன்புள்ள மைத்துனன் அஜேஷுக்கு,

அத்தான் வேதமாணிக்கம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே உன் அக்காள் ராஜபாய் சுகம், கடை சுகம், நான் மட்டும் சுகமில்லை. அங்கே உன் பெண்டாட்டி பிள்ளைகளும் மார்த்தாண்டத்து மரப்பட்டறையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஜெபிக்கிறேன். இதைப் போனில் சொன்னால் உன் அக்காள் அடுத்த அறையிலிருந்தே கேட்டுவிடுவாள், அதனால் கடிதம். என் கடையில் வேலை செய்யும் ஷீனா என்ற பெண் உன் பட்டறைக்கு வந்து ஸ்டூல் செய்யச் சொல்வாள். மரம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடு.

காலனி ஆதிக்கம் என்றால் எனக்கு அறவே ஆகாது என்பது உனக்குத் தெரியும். எல்லா மக்களுக்கும் விடுதலை என்று ஐக்கிய நாடுகள் சபை 1960-இல் பிரகடனம் செய்தது. விடுதலை கிடைக்காமல் இன்னும் பதினேழு பிரதேசங்கள் அதன் பட்டியலில் கிடக்கின்றன. காலனி ஒழிப்புப் பத்தாண்டு என்று ஒன்று வைத்தார்கள், முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று வைத்து இப்போது நான்காவது ஓடுகிறது. இதைக் கேட்க இந்தப் பாறசாலையில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நியூயார்க்கில் உள்ள காலனி ஒழிப்புக் குழுவுக்கு வருஷம் தவறாமல் கண்டனம் எழுதுகிறேன். பதில் வந்ததில்லை, அது கிடக்கட்டும். டிசம்பர் பத்தாம் தேதி மனித உரிமை தினத்தன்று வாசகசாலையில் பேசுவதும் நான்தான். இந்த முறை ஆள் சேராது என்று பயந்து கடையைச் சீக்கிரம் அடைத்து, கடைப் பெண்களையும் அழைத்துப் போனேன். ஆளுகிறவன் எப்போதும் மூன்றே பேச்சுத்தான் பேசுவான், 'அவர்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை, நான் அவர்களைப் பிள்ளைபோல் வைத்திருக்கிறேன், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்' என்று வெளுத்து வாங்கினேன். வழக்கமாகத் தூங்கும் கூட்டம். ஷீனாவும் மற்றவர்களும் கண்கொட்டாமல் கேட்டார்கள். முடிந்ததும் ஷீனா வந்து, "முதலாளி, பேச்சு ரெம்பக் கொள்ளாம். இன்னும் ஒரு மணிக்கூர் பேசியிருக்கலாம்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அங்கே உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள், அதுதான் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் கடை திறந்ததும் திறக்காததுமாக எல்லாரும் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். ஷீனா சொல்கிறாள்: "முதலாளி, எங்களுக்கு இருக்க ஸ்டூலு வேணும். காலையில கேறுனா கடை அடைக்கும்வரை ஒரே நிப்பாக்கும். காலு நீரு வச்சுப் போவுது." நான் கோபப்பட்டேனா? இல்லை. "மக்களே, நிங்கள நான் எனக்க பிள்ளைகள மாதிரியில்லியா வச்சிருக்கேன்? இருந்து வியாபாரம் பண்ண ஒரு பக்குவம் வேணும், அது நிங்களுக்கு இன்னும் வரல்ல. கொஞ்சம் அவகாசம் தாங்க" என்று பதமாகத்தான் சொன்னேன். அவள் கேட்கிறாள், "எத்தன பத்தாண்டு, முதலாளி?" எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். சுரிதார் எடுக்க வந்த பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும் பத்தாண்டைப் பற்றி?

கடைப் பெண்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று இங்கே கேரளத்தில் 2018-இலேயே சட்டம் வந்தது உண்மைதான். நானும் சட்டத்தை மதித்து ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். அதன்மேல் பெட்ஷீட் கட்டு இருக்கிறது. கட்டும் எங்கேயாவது இருக்க வேண்டாமா? சரி, இந்தப் பக்கம் ஒரு தொல்லை வந்தால் அந்தப் பக்கம் போய்விடுவதுதானே நம் ஊர் வழக்கம். பெட்ரோலிலிருந்து கல்யாண மண்டபம்வரை எது எங்கே சவுகரியமோ அங்கே போகிறோம். கடையையே தமிழ்நாட்டுக்கு மாற்றிவிடலாம் என்று பஸ் ஏறிப் பனச்சமூட்டுக்குப் போனேன். எல்லைக்கு அந்தப் பக்கம் அருமையான கடைமுறி வாடகைக்கு இருந்தது, வாசலில் பஸ் நிற்கும். முன்பணம்வரை பேசி முடித்துவிட்டு, "இந்த ஸ்டூல் சமாச்சாரமெல்லாம் இங்க இல்லியே?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். கட்டடக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அண்ணாச்சி எந்த ஒலகத்துல இருக்கீரு? இருபத்தொண்ணுலயே இங்கயும் சட்டம் வந்தாச்சு. அங்கயும் உண்டு, இங்கயும் உண்டு" என்கிறார். அஜேஷ், ஒரு மனுஷன் போவதற்கு இரண்டு மாநிலம்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இரண்டும் கூடிப் பேசிக்கொண்டால் நான் எங்கே போவேன்? கடலுக்கா?

கடைசியில் ஜனநாயக முறைப்படியே முடிப்போம் என்று வாக்கெடுப்பு வைத்தேன். பசிபிக் கடலில் டோக்கலாவ் என்று ஒரு சின்னத் தீவுக்கூட்டம். சுயாட்சி வேண்டுமா என்று இரண்டு முறை வாக்கெடுத்தும் அங்கே மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. அதைக் கேட்டு அன்றைக்கு நான் கஞ்சி குடிக்காமல் கிடந்தவன். ஆனால் அந்த மூன்றில் இரண்டு பங்கு விதி நல்ல விதி என்று இப்போது பட்டது, அதையே இங்கேயும் வைத்தேன். ஒரு வாக்குகூடச் சிந்தாமல் அத்தனையும் ஸ்டூலுக்கு விழுந்தது. கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த உன் அக்காளும் வரிசையில் நின்று போட்டாள்! "நீ வேலைக்காரியா?" என்று கேட்டதற்கு, "கடை தொறந்தப்ப நின்னது ஆரு, நிங்களா? இப்பவும் எனக்கு முட்டு மடங்கல்ல" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அதோடு விட்டாளா? "நாளைக்கி ஒரு நாளு நிங்க நின்னு காட்டுங்க. நின்னுட்டா, ஸ்டூலு வேண்டாம்னு நானே இவளுவகிட்ட செல்லுதேன்" என்று சவால் வேறு.

நிற்பது ஒரு வேலையா? நாளை நின்று காட்டி இந்த விவகாரத்துக்கு மங்களம் பாடிவிடுவேன். அதுவரை நீ மரம் இல்லை என்பதில் உறுதியாக இரு. உன் பிள்ளைகள் தலையில் நான் கை வைத்து ஆசீர்வதித்ததாக நினைத்துக்கொள். உன் வீட்டாருக்கு என் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
உலக மக்களின் விடுதலையை என்றும் விரும்பும் அத்தான்,
வேதமாணிக்கம்

பி.கு.: வியாழக்கிழமை எழுதுகிறேன், கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு. ஷீனா வரவேண்டாம், நானே சொல்கிறேன்: நல்ல ஸ்டூல்களாக, முதுகு சாயும்படி, ஆளுக்கொன்று செய்து உடனே அனுப்பு. மத்தியானம்வரை நின்றேன், அஜேஷ். சேலை அலமாரியில் லேசாகச் சாய்ந்தேன். "முதலாளி, சாரப்பிடாது. நிங்க போட்ட சட்டமாக்கும்" என்றாள் ஷீனா. அதற்குமேல் தாங்காமல், துணி போட்டுப் பார்க்கும் அறைக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு அட்டை விரித்துக் கிடந்தது, உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்து போயிருந்தது. பக்கத்தில் பாதி தீர்ந்த தைல டப்பி. அப்போது கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். உள்ளே நான் என்று தெரியாமல் ஒரு குரல் ரகசியமாகக் கேட்டது: "எடி, இருந்து கழிஞ்சா? அடுத்தது எனக்க முறையாக்கும்."