பென்குயின் காக்காவும் மாமியின் வட்டிலப்பமும்

கல்முனைக் கரையில் கடலுக்குப் பயப்படாதவர்கள் சிலர் இருந்தார்கள். சிப்பாயின் துவக்குக்குப் பயப்படாதவர்கள்கூட ஓரிருவர் இருந்தார்கள். ஆனால் கொம்பியூட்டர் வைரஸுக்குப் பயப்படாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் பென்குயின் காக்கா. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த சிப்பாய்களைத் தவிர வேறு யாரும் அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதில்லை.

அவருடைய மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் ஒரு பென்குயின் படம் ஒட்டியிருந்தது. லினக்ஸ் என்ற கொம்பியூட்டர் முறைக்கு அதுதான் அடையாளம். எங்கள் பக்கத்தில் பென்குயினைக் கண்டவர் யார்? ஒருவர் தாரா வாத்து என்றார். இன்னொருவர் கோட்டுப் போட்ட காகம் என்றார். "இது பனிக்கட்டியில வாழுற பறவை" என்று காக்கா விளக்கியபோது, ஒரு மீன்காரர் கவலையோடு கேட்டார்: "அப்ப இது ஐஸ் பெட்டிக்குள்ளயா இரிக்கிற?"

நான் அவரைச் சந்தித்தது சுனாமிக்குப் பிறகு போட்ட தகரக் கொட்டில் முகாமில். எனக்கு எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு செங்கல் வாடியிலும் மீன் லொறியிலும் வேலை, கட்டார் நாட்டில் கொஞ்சக் காலம். வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பிய வருடம்தான் கடலும் வந்தது. நான் தப்பினேன், வீடும் வீட்டில் இருந்தவர்களும் தப்பவில்லை. கிடைத்த கொட்டிலில் குடியேறினேன். அடுத்த கொட்டில் காக்காவுடையது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளை பெண் வீட்டில்தான் போய் இருக்க வேண்டும். அந்த வழக்கத்தைக் கடலாலும் மாற்ற முடியவில்லை. அதனால் அந்தக் கொட்டில் சட்டப்படி அவருடைய மாமியுடையது, அதாவது மனைவியின் உம்மாவுடையது.

காக்காவுக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு டைப்பிங் கடை இருந்தது. அதையும் கடல் கொண்டுபோய்விட்டது. நான் துக்கம் விசாரித்தேன்.

"கடை போனதுக்குக் கவலதான் தம்பி. ஆனா அதோட சேர்ந்து நாப்பது வகை வைரஸும் மௌத்தாப் போயிட்டு" என்றார்.

பிறகு கொட்டிலிலேயே ஒரு பழைய கொம்பியூட்டரை வைத்து டைப்பிங் தொடங்கினார், ஆனால் கள்ளச் சீடியைத் தொட்டதில்லை. ஊரில் எல்லாக் கொம்பியூட்டரிலும் ஓடிக்கொண்டிருந்தது பஸாரில் மலிவாக வாங்கிய கள்ளச் சீடிதான். அதில் இருந்ததன் பெயரைக் காக்கா வாயால் சொல்லமாட்டார். சொன்னால் தொழுகைக்குக் கைகால் கழுவிச் செய்த உளு முறிந்துவிடும் என்பதுபோல "அந்தச் சாமான்" என்பார்.

"களவெடுத்த மாட்ட அறுத்துக் குர்பான் குடுக்க ஏலுமா? ஏலா. அப்ப களவெடுத்த சாமான்ல நிக்காஹ் காட் அடிக்க மட்டும் எப்பிடி ஏலும்?"

இந்தக் கேள்வியைக் காக்கா பள்ளிவாசல் மௌலவியிடமே கொண்டுபோனார். மௌலவியின் வீட்டிலும் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "தம்பி, ஊர்ல பெரிய பெரிய பிரச்சின நிறைய இரிக்கி. அதுகள முதல்ல பாப்பம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

லினக்ஸின் சட்டத்தைக் காக்கா யாரைக் கண்டாலும் ஓதுவார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்கும் ஓதினார், சலூனில் தாடையில் கத்தி நின்ற நேரத்திலும் ஓதினார். "எடு, பாவிச்சுக்க. உள்ளுக்க என்ன இரிக்கி எண்டு பாரு. கேட்டவனுக்கு இல்ல எண்டு சொல்லாத. நீ ஏதும் மாத்தினா, மாத்தினதத் திருப்பித் தா. அவ்வளவுதான்."

பென் டிரைவோடு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துவார். அதில் கை படாமல் விலகி நின்று, "இது எங்கெங்க போய்ட்டு வந்திரிக்கி?" என்று, பிந்தி வீட்டுக்கு வந்த மகனை விசாரிப்பதுபோல விசாரிப்பார். பாட்டுக் கேட்கிற மென்பொருள் எதற்கு இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்பார். கடைக்குக் கடை வேறு வேறு தமிழ் எழுத்துரு வைத்திருப்பவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தேத்தண்ணீர் ஆறிவிடும்.

அவருடைய பெரிய எதிரி கொட்டிலுக்குள்ளேயே இருந்தார். அது மாமி.

மாமி பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தைச் செய்தால் முகாமே மூக்கைத் தூக்கும். நோன்புப் பெருநாளுக்கு நிவாரண முட்டையிலும் நிவாரணக் கருப்பட்டியிலும் அவர் செய்ததைத் தின்றுவிட்டு, ஒரு வெள்ளைக்காரத் தொண்டர் கண் கலங்கியதை நான் கண்டேன். செய்முறையை மாமி யாருக்கும் சொன்னதில்லை. பெற்ற மகளுக்கே சொல்லவில்லை. காக்காவால் இதைத் தாங்க முடியவில்லை. அவருக்குச் செய்முறையும் கொம்பியூட்டர் கோடும் ஒன்றுதான், இரண்டையும் மறைக்கக்கூடாது.

இதில் ஒரு சிக்கல். மாமி மருமகனோடு நேரே கதைப்பதில்லை. பழைய ஆட்களின் மரியாதை அது. ஒரே கொட்டில், நடுவில் ஒரு சேலைத் திரை. எல்லாப் பேச்சும் காக்காவின் மனைவி ராத்தாவின் வழியாகத்தான் போய் வரும்.

"உங்கட உம்மாக்கிட்டச் சொல்லுங்க, கோட மறைக்கிற வட்டிலப்பம் நல்லதில்ல எண்டு."

"உன்ட மாப்பிள்ளைக்கிச் சொல்லு, திங்கிற வாய் கேள்வி கேக்கப்படாது எண்டு."

"அவங்களுக்கு ஏதும் நடந்தா இந்த வட்டிலப்பத்த யார் பராமரிக்கிற எண்டு கேளுங்க."

"என்ட மௌத்தப் பாத்துக்கிட்டா இரிக்கிறாரு எண்டு கேளு."

திரைக்கு இரண்டு பக்கமும் எல்லாம் நன்றாகக் கேட்கும். இருந்தாலும் ராத்தா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லியாக வேண்டும். "எனக்கும் மாமிக்கும் நடுவில செய்தி கடத்துற சேர்வர் இவதான்" என்பார் காக்கா. ராத்தாவுக்குக் கோபம் வந்தால் இரண்டு பக்கமும் தொடர்பு அறுந்துபோகும். அந்த நாட்களில் காக்கா என் கொட்டிலில் சாப்பிடுவார்.

அந்தக் காலத்தில் லினக்ஸ் சீடியை எழுதிக் கேட்டால் வெளிநாட்டிலிருந்து காசில்லாமல் தபாலில் அனுப்புவார்கள். காக்கா கேட்டார். ஒரு பெட்டி வந்தது. வெளிநாட்டு முத்திரையோடு ஒரு பெட்டி முகாமுக்குள் வந்தால் என்ன நடக்கும்? பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்பே, நிவாரணம் என்று நினைத்துக் கொட்டில் வாசலில் வரிசை நின்றது.

"காக்கா, எங்கட வீட்டுக்கு இன்னும் கூரை வரல்ல."

"காக்கா, எனக்கி வலை மட்டும் தந்தாப் போதும்."

காக்காவுக்கு ஆனந்தம். இத்தனை பேருக்கு லினக்ஸில் ஆர்வம் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக்கூடாதே! ஆளுக்கொரு சீடி கொடுத்தார். கொம்பியூட்டர் இல்லாத, மின்சாரமும் அரைவாசி நேரம் இல்லாத மக்கள் அதை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். ஓட்டோக்காரர் கண்ணாடியில் தொங்கவிட்டார். ஒரு பெண் அதில் முகம் பார்த்தார். வயல் செய்தவர்கள் கொண்டுபோய்க் கயிற்றில் கட்டினார்கள். வெயில் பட்டு மின்னியதில் நெல்லுக் குருவிகள் ஓடிவிட்டன. அந்தப் போகம் காரைதீவுப் பக்கத்து வயல்களைக் காத்தது லினக்ஸ்தான். காக்கா போய்ப் பார்த்துவிட்டுப் பெருமையோடு சொன்னார்: "பாத்தியா தம்பி? கையில எடுத்தவன் தனக்கு ஏத்த மாதிரிப் பாவிக்கிறான். இதுதான் சுதந்திரம்."

வடக்கில் யுத்தம் முடிகிற கட்டத்துக்கு வந்தது. எங்கள் பக்கம் சத்தம் குறைவு, சோதனை அதிகம். ஒரு நாள் காரைதீவில் ஒரு ஆசிரியரின் வீட்டில் லினக்ஸைக் காட்டுவதற்காகக் காக்கா தன் கொம்பியூட்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எடுத்துப் போக நல்ல பை கிடைக்கவில்லை. பசளை உரப்பைக்குள் போட்டுக் கட்டினோம். வயர்கள் வெளியே தொங்கின. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பசளை உரப்பை, உள்ளே இரும்புப் பெட்டி, வெளியே வயர். இந்தக் கோலத்தில் யுத்த காலத்துச் சோதனைச் சாவடிக்குப் போன இரண்டு பேர் இலங்கையில் நாங்கள்தான் என்று நினைக்கிறேன்.

"மேக்க மொக்கத்த?" என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். இது என்ன என்று அர்த்தம். கொம்பியூட்டர் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். காக்கா லினக்ஸின் வரலாற்றைத் தொடங்கினார்.

சாவடிக்குப் பக்கத்து அறையில் செத்துப்போன கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. அதன் திரையை எங்கள் பெட்டியில் மாட்டிப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். காக்கா போட்டார். லினக்ஸ் எழும்புகிற அழகைக் கண்டவர்களுக்குத் தெரியும். கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்துக்கள் மழைபோல மேலிருந்து கீழே ஓடும். சிப்பாய்கள் இரண்டடி பின்னால் போனார்கள். ஒருவன் மணல் மூட்டைக்குப் பின்னால் போய்விட்டான்.

காக்காவை உள்ளே இருத்தினார்கள். என்னைப் போகச் சொன்னார்கள். அந்த நாட்களில் அப்படி உள்ளே இருந்தவர்களில் சிலர் மாலையில் வந்தார்கள். சிலர் வரவே இல்லை. இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் முகாமுக்கு ஓடினேன்.

ராத்தா கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமி முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஓட்டோவக் கூப்பிடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சாவடியில் வழக்கம்போல வரிசை. பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். பொறுப்பாக இருந்தவன் ஓர் இளம் அதிகாரி. என் வயதுதான் இருக்கும், உடைந்த தமிழ் கதைத்தான்.

"இந்த ஆள் யாரு?"

"என்ட மகள்ட மாப்பிள்ள சேர். கள்ளனில்ல, ஒண்டுமில்ல. பைத்தியம்."

"பைத்தியம்?"

"முழுப் பைத்தியம். இந்தா, இவங்களயும் கேளுங்க."

வரிசை முழுவதும் சாட்சி சொன்னது. "ஓம் சேர், பைத்தியம்." "நல்ல மனுசன் சேர், ஆனா பைத்தியம்." "வலை கேட்ட எனக்கிச் சீடி தந்தவரு சேர்."

உள்ளிருந்து காக்காவின் குரல் கேட்டது. "நான் பைத்தியமில்ல சேர்! வேணுமெண்டா முதல்ல இருந்து விளக்கமாச் சொல்றன்."

"வாய மூடுங்க மகன்!" என்றார் மாமி.

காக்கா வாயை மூடினார். அவர் வாய் மூடியதை நான் அன்றுதான் கண்டேன். மாமி அவரோடு நேரே கதைத்ததும் அன்றுதான். இரண்டையும் மாமி கவனித்ததாகத் தெரியவில்லை.

அதிகாரி யோசித்தான். பிறகு ஒரு சீடியை எடுத்து வந்து நீட்டினான். செத்துக் கிடந்த கொம்பியூட்டரைக் காட்டி, "இதப் போட்டு ஹரியாக்கு. அப்ப போகலாம்" என்றான்.

எனக்கு உயிர் வந்தது. காக்கா சீடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நம் பஸார் சீடி. அந்தச் சாமான்.

"போட ஏலா சேர்" என்றார். "இது களவுச் சாமான்."

மாமி மணலில் உட்கார்ந்துவிட்டார். துவக்கு வைத்திருந்த ஒருவனிடம் உன் கையில் இருப்பது களவுச் சாமான் என்று சொன்ன மனிதரை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

காக்கா அதைப் பற்றிக் கவலைப்படாமல் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு லினக்ஸ் சீடியை எடுத்து அந்தச் செத்த கொம்பியூட்டரில் போட்டார். திரை மறுபடி கறுப்பானது. எழுத்துக்கள் ஓடின. பிறகு நிறம் வந்தது. அதிகாரி எட்டிப் பார்த்தான். "கேம் இருக்கா?"

இருந்தது. ஒரு சின்னப் பென்குயின் நிறநிறமான உருண்டைகளைக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டு. அதிகாரி துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் அவன் தோளுக்கு மேலால் எட்டினார்கள். மணல் மூட்டைக்குப் பின்னால் போனவனும் வந்தான். சிவப்பைச் சுடு, நீலத்தைச் சுடு என்று சிங்களத்தில் ஒரே ஆரவாரம். வரிசை தன்பாட்டில் கரைந்து போனது, யாரும் சோதிக்கவில்லை. காக்கா பின்னால் நின்று, "அந்தக் கேம்ட கோடும் திறந்துதான் இரிக்கி சேர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்தபோது அதிகாரி திரும்பிப் பார்த்தான். நாங்கள் இருந்ததை மறந்திருப்பான் போல. சிரித்துவிட்டுக் கையை அசைத்தான். "பிஸ்ஸா! யண்ட." பைத்தியமே, போ என்று அர்த்தம்.

உரப்பையோடு வெளியே வந்த காக்கா நான்கடி நடந்துவிட்டுத் திரும்பினார். "சேர், உங்கட கூட்டாளிமாருக்கும் சீடி..."

மாமி அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்து ஓட்டோவுக்குள் போட்டார்.

கொட்டிலில் ராத்தா பிளேன்டீ கொடுத்தார். காக்காவால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையும் நடுங்கின, தேத்தண்ணீர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் சிந்தியது. அவரும் பயந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

மாமி சேலைத் திரையை விலக்கிக்கொண்டு வந்து அவருக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார்.

"கேளுங்க மகன். கருப்பட்டிய அடுப்புல வைக்கப்படாது. சீவித் தேங்காயிர முதல் பால்ல ஊறப் போடணும், தன்பாட்டுல கரையும். முட்டைய அடிக்கப்படாது. கையாலதான் கலக்கணும், நுரை வந்தா ஓட்டை விழும். ரெண்டு தரம் துணியால வடிக்கணும். ஏலக்காய் கடைசியில. மூடியில துணி கட்டி மெல்லமா அவிக்கணும், ஆவித் தண்ணி சொட்டப்படாது. விளங்கினா?"

"ஓம் மாமி" என்றார் காக்கா.

"விளங்கினா, தேத்தண்ணியக் குடிங்க."

குடித்தார். கை நடுக்கம் நின்றுவிட்டது.

யுத்தம் முடிந்தது. சாவடிகள் ஒவ்வொன்றாகப் போயின. நானும் போனேன், எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. ஒலுவில் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கினேன், பிறகு ஊர் ஊராகச் சமையலறைகளில் நின்றேன். காக்கா இப்போது கல்வீட்டில், மாமியோடுதான் இருக்கிறார் என்று கேள்வி. நடுவில் திரை இல்லையாம்.

எங்கே நின்றாலும் அந்த வட்டிலப்பத்தைச் செய்கிறேன். கேட்டவருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன், மேலே நீங்களும் வாசித்துவிட்டீர்கள். ஆனால் நான் அதில் ஒன்றை மாற்றியிருக்கிறேன். மாற்றினதைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். ஆகவே, காக்கா, இது உங்களுக்கு: பாலில் கருப்பட்டி ஊறும்போது ஒரு துண்டு கறுவாப்பட்டை போட்டு, வடிக்கும்போது எடுத்துவிட வேண்டும். மாமியிடம் சொல்லுங்கள். நேரடியாகவே சொல்லுங்கள்.