நாலு ஞாயிறு ராஜா

இனி ஒரு குளிர்காலம் இந்த ஊரில் இல்லை என்று எம்லின் சபதம் எடுத்தது புத்தாண்டு அன்று காலை பதினோரு மணிக்கு. சபதம் எடுக்கும்போது அவர் காலில் மூன்று ஜோடி காலுறை. தலையில் மனைவி பின்னிய கம்பளிக் குல்லா. வெளியே மூடுபனி. எதிர்வீடு இருக்கிறதா, ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை.

"க்ளெனிஸ், நாம ஸ்வான்சீக்கே திரும்பிப் போயிடலாம்."

"காபி ஆறுது. குடி."

"நான் சீரியஸா சொல்றேன்."

"போன வருஷமும் சீரியஸாத்தான் சொன்ன."

"போன வருஷம் வெறும் பேச்சு. இந்தத் தடவை புரோக்கர்கிட்டயே சொல்லியாச்சு. பிப்ரவரி ஒண்ணாம் தேதி வந்து போட்டோ எடுத்து, வாசல்ல 'விற்பனைக்கு'னு போர்டு மாட்டிட்டுப் போவார்."

க்ளெனிஸின் பின்னல் ஊசி நின்றது. நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அந்த ஊசி நின்ற சந்தர்ப்பங்களை எம்லின் விரல் விட்டு எண்ணிவிடுவார்.

"வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. என் கையெழுத்து இல்லாம நீ வாசல்ல காலண்டர்கூட மாட்ட முடியாது" என்றார். ஊசி மறுபடி ஓடத் தொடங்கியது.

தப்பு எம்லின் மீது மட்டும் இல்லை. அது ஜூலை மாதத்தில் பார்த்து வாங்கிய வீடு. ஜூலையில் பார்த்தால் பிரான்சில் மாட்டுக்கொட்டகைகூட அரண்மனையாகத் தெரியும். ஜனவரியில்தான் சாயம் வெளுக்கும். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை ஊரே சாப்பாட்டில் உட்கார்ந்துவிடும். மாலை ஐந்துக்கெல்லாம் ஜன்னல்களின் மரக்கதவுகள் டமால் டமாலென்று மூடிக்கொள்ளும். ரொட்டிக்கடைக்குத் திங்கள் விடுமுறை. கறிக்கடைக்குச் செவ்வாய். வங்கிக்கு, எம்லின் போகும் நாளெல்லாம் விடுமுறை.

ஆனால் அவரை உண்மையில் வாட்டியது குளிர் இல்லை. சொந்த ஊரான ஸ்வான்சீயின் பஸ் டிப்போவில் முப்பத்து நாலு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். அவர் வாயைத் திறந்தால் கேன்டீனில் டீ ஆறும், டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், பஸ் லேட்டாகும். லேட்டானதை எழுதிக்கொள்பவரும் அவரே. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இந்த ஊரில் தெரிந்த பிரெஞ்சு மொத்தம் நாலு வார்த்தை. வணக்கம், நன்றி, மன்னிக்கணும், ஒரு ரொட்டி. பேசியே வாழ்ந்தவன் நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவான்? இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. க்ளெனிஸிடம் சொல்லத் தேவையும் இல்லை. அவருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் எம்லினுக்கு யோசனை ஒன்று உதித்தது. பக்கத்து வீட்டு மதாம் ஒதெத் ஞாயிற்றுக்கிழமை கலெத் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஜனவரி முழுக்க இந்த ஊரில் ஞாயிறு என்றால் கலெத்துதான். பாதாம் விழுது வைத்த, தாம்பாளம் அளவு பஃப்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எங்கோ ஒரு சின்னஞ்சிறு பீங்கான் பொம்மை. அது யார் துண்டில் வருகிறதோ அவர் தலையில் காகிதக் கிரீடம். அன்றைக்கு அவர்தான் ராஜா. போன இரண்டு வருடமும் ஜலதோஷம் என்று சாக்குச் சொல்லி எம்லின் போகாமல் இருந்துவிட்டார்.

"பொம்மை எனக்கு வந்தா நீ கையெழுத்துப் போடணும். வேற யாருக்கு வந்தாலும் ஒரு வருஷத்துக்கு நான் வாயே திறக்க மாட்டேன். சம்மதமா?"

"சம்மதம்."

உடனே வந்தது பதில். நாற்பத்தொரு வருடத்தில் க்ளெனிஸ் எதற்கும் உடனே சம்மதம் சொன்னதில்லை. அங்கேயே எம்லின் உஷாராகியிருக்க வேண்டும். அவர் எங்கே ஆனார்? தன் திட்டத்தின் அழகில் மயங்கிப்போய் இருந்தார்.

ஞாயிறு நாலு மணிக்கு ஒதெத் வீட்டில் நாலே பேர். எழுபத்தெட்டு வயது ஒதெத், அவருடைய அண்ணன் ஃபெர்னாந், பிறகு இவர்கள் இருவரும். தண்ணீர் குடிக்கும் பாவனையில் எம்லின் அடுக்களைக்குள் நுழைந்தார். கலெத்தை நாலாக வெட்டித் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். கோட்டுப் பையில் க்ளெனிஸின் பின்னல் ஊசி தயாராக இருந்தது. முதல் துண்டில் பக்கவாட்டில் குத்தினார். ஒன்றும் இல்லை. இரண்டாவது துண்டில் 'டிக்' என்றது. தட்டை மெல்லத் திருப்பி அந்தத் துண்டை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். ஒதெத் எதைப் பரிமாறினாலும் கடிகாரம் சுற்றும் பக்கமாகத்தான் பரிமாறுவார். டைம் கீப்பர் கண்ணுக்கு இதெல்லாம் தப்புமா?

அடுத்தது, வழக்கப்படி இருப்பவர்களில் இளையவர் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டு, எந்தத் துண்டு யாருக்கு என்று குரல் கொடுக்க வேண்டும். க்ளெனிஸைவிட எம்லின் எட்டு மாதம் இளையவர். கல்யாணத்திலிருந்து அதைச் சொல்லியே அவரை அடக்கி வைத்திருந்தார் மனைவி. அன்றுதான் அந்த எட்டு மாதத்தால் முதல் பிரயோஜனம். அறுபத்தாறு வயது முழங்கால்கள் கடகடவென்று சத்தம் போட, மேஜைக்கு அடியில் தவழ்ந்தார்.

"இது யாருக்கு?" என்றார் ஒதெத்.

"ஒதெத்."

"இது?"

"ஃபெர்னாந்."

"இது?"

"எம்லின்" என்று எம்லின் அலறிய அலறலில் மேஜைத் தட்டுகள் அதிர்ந்தன.

இரண்டாவது கடியில் பொம்மை பல்லில் பட்டது. ஒதெத் கிரீடம் சூட்டினார். ஃபெர்னாந் எழுந்து நின்று கைதட்டி, பிரெஞ்சில் என்னவோ கேட்டார்.

"என்ன சொல்றார்?"

"அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வரணும்னு கேக்கிறார்" என்றார் க்ளெனிஸ்.

"எங்க?"

"நம்ம வீட்டுக்குத்தான். ராஜா ஆனவர்தான் அடுத்த கலெத் போடணும். அது உனக்குத் தெரியாதா? அதைப் போடாம ஊரை விட்டுப் போனா அசிங்கம், எம்லின். உலகம் இருக்கிற வரைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க."

"சரி, ஒண்ணுதானே. போட்டுட்டுப் போவோம்."

"ராஜாவே நேர்ல போய் ஒவ்வொருத்தரா கூப்பிடணும். பிரெஞ்சுல."

"இது என்ன விதி?"

"இந்த ஊர்ல அப்படித்தான்."

அப்படி ஒரு விதி அந்த ஊரில் இல்லை. எந்த ஊரிலும் இல்லை. க்ளெனிஸ் அந்த நிமிடத்தில் இயற்றிய சட்டம் அது.

மறுநாள் காலைக் காபியோடு க்ளெனிஸின் பிரெஞ்சுப் பாடம் ஆரம்பித்தது. திங்களன்று ஒரு வாக்கியம், செவ்வாயன்று இரண்டு. புதனன்று எம்லின் தெருவில் இறங்கி, தபால்காரி மாயெல்லை வழிமறித்து, பஸ் அட்டவணையைப் படிப்பவர்போல ஒப்பித்தார்.

"ஞாயிறு. நாலு மணி. என் வீடு. கலெத். நீ வா."

"உங்க மதாமும் இருப்பாங்கள்ல?" என்று சந்தேகமாகக் கேட்டாள் மாயெல்.

இரண்டாவது ஞாயிறு ஏழு பேர் வந்தார்கள். மேஜைக்கு அடியில் மாயெல் போனாள். க்ளெனிஸ் பரிமாறினார். எம்லின் நிம்மதியாகக் கடித்தார். பல்லில் 'டிக்' என்றது.

"உனக்கு ராஜ யோகம் எம்லின்" என்றார் க்ளெனிஸ்.

மூன்றாவது ஞாயிறு பதினொரு பேர். கறிக்கடைக்காரர் சொந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறுபடியும் 'டிக்'. அடுத்தடுத்து மூன்று வாரம் ஒரே ஆளுக்குப் பொம்மை வந்தால் அவர் யோசிக்க வேண்டும். எம்லின் யோசிக்கத்தான் செய்தார். தான் அதிர்ஷ்டசாலி என்ற முடிவுக்கும் வந்தார். ரொட்டிக்கடையில் க்ளெனிஸ் பொம்மை இல்லாத கலெத்தாகக் கேட்டு வாங்குவது அவருக்குத் தெரியாது. பொம்மை க்ளெனிஸின் ஏப்ரன் பையில் இருந்ததும், எம்லின் பெயர் சொல்லப்பட்டவுடனே அவர் துண்டின் அடியில் கட்டைவிரலால் அமுக்கப்பட்டதும் தெரியாது. மேஜையில் இருந்த மற்ற எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்.

இதற்கு நடுவே வாரநாட்களும் எம்லினை விட்டுவைக்கவில்லை. ராஜா கூப்பிட்டால் வருகிறவர்கள், ராஜாவைத் திருப்பிக் கூப்பிடாமல் இருப்பார்களா? ஃபெர்னாந் விறகு அறுக்கக் கூப்பிட்டார். கறிக்கடைக்காரர் செவ்வாய்க்கிழமைச் சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்டார். எல்லாம் பிரெஞ்சில். எம்லினும் கை, கால், புருவம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு பிரெஞ்சிலேயே பதில் சொன்னார். தப்பாகச் சொன்னால் ஃபெர்னாந் திருத்துவார். சரியாகச் சொன்னால் விறகை இவர் பக்கம் தள்ளுவார். காலுறை மூன்று ஜோடி ஒன்றாகக் குறைந்ததை எம்லின் கவனிக்கவே இல்லை.

நாலாவது ஞாயிறு, ராஜா உரை நிகழ்த்தியே ஆக வேண்டும் என்று ஒதெத் பிடிவாதம் பிடித்தார். கிரீடத்தோடு எழுந்த எம்லின், ஸ்வான்சீயில் ஒரு டிரைவர் தன் மாமியாரை நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு பஸ்ஸைக் கிளப்பிய கதையை ஆரம்பித்தார். வினைச்சொல் பாதி தப்பு. மாமியாரையே ஒருமுறை ஆணாக்கிவிட்டார். ஆனால் மாமியார் குடையை ஆட்டிக்கொண்டு பஸ் பின்னால் ஓடிய இடம் வந்ததும் ஃபெர்னாந் மேஜையைத் தட்டிச் சிரித்தார். மாயெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கறிக்கடைக்காரரின் நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்தே போயிற்று.

எம்லின் அப்படியே நின்றார். மூன்று வருடம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறார். சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. க்ளெனிஸ் மேஜைத் துணியில் இருந்த தூளைப் பெருக்குவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை காபி மேஜையில் க்ளெனிஸ் பேனாவை எடுத்து வைத்தார்.

"கையெழுத்து எங்க போடணும்?"

"என்ன அவசரம்?"

"வெள்ளிக்கிழமை ஒண்ணாம் தேதி. புரோக்கர் வருவார்ல?"

"வெள்ளிக்கிழமையா? அன்னிக்கு ஃபெர்னாந் தோட்டத்துல ஆப்பிள் மரம் கவாத்து பண்றோம். நான் இல்லேன்னா ஏணியை யார் பிடிப்பா?"

"நீதான் ராஜா. உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பின்னலை எடுத்துக்கொண்டார் க்ளெனிஸ்.

எம்லினுக்கு மனைவிமேல் பெரிய இரக்கம் வந்தது. பாவம், எவ்வளவு ஆசையாக இந்த வீட்டை வாங்கினாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பேனாவை எடுத்து வைத்துவிட்டாளே. மத்தியானம் சாப்பாட்டின்போது இன்ப அதிர்ச்சியாகச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தார். நான் ஆண் பிள்ளை, நானே முடிவெடுத்தேன், உனக்காக இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லும்போது அவள் முகம் எப்படி மலரும் என்று நினைத்துக்கொண்டே, போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நழுவினார்.

புரோக்கருக்கு அரைகுறை ஆங்கிலம் தெரியும். இருந்தாலும் எம்லின் பிரெஞ்சிலேயே தொடங்கினார். தான் நீண்ட நாள் ஆலோசித்ததையும், வீட்டை விற்பதில்லை என்று தன்னந்தனியாக முடிவெடுத்ததையும், சிரமத்துக்கு வருந்துவதையும் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் சொல்லி முடித்தார்.

மறுமுனையில் புரோக்கர் ஏதோ காகிதத்தைப் புரட்டினார்.

"மதாம் ஜனவரி ரெண்டாம் தேதியே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டாங்களே, மெஸ்யே. மாசக் கடைசியில நீங்களே கூப்பிடுவீங்க, அப்ப உங்க பிரெஞ்சு எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லச் சொன்னாங்க. பரவாயில்லைன்னு சொல்லிடவா?"