ராஜாவின் சிரப்பும் முயலின் பட்டாவும்

இது நான் நேரில் பார்த்ததல்ல. விடுதித் தோழி சகாயராணி சொன்னாள். அவளுக்கும் யாரோ சொன்னதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காட்டில், வழக்கம்போல், சிங்கம்தான் ராஜா. அவருக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. அதிலிருந்து தர்பாரில் தூங்கி வழிந்தார். மந்திரி நரியை "அம்மா" என்று கூப்பிட்டார். எந்த மனுவை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டார். நரி ஆற்றங்கரை முழுவதையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது.

வரிசையில் ஒரு முயல் நின்றது. மழைக்காலத்துக்குள் பட்டா வாங்காவிட்டால் வளையைக் காலி செய்ய வேண்டும் என்று அதற்கு நோட்டீஸ் வந்திருந்தது. வளையில் ஏழு குட்டிகள்.

முயலின் முறை வந்தது. ராஜா பேனாவைத் தலைகீழாகப் பிடித்தபடி நரியிடம், "அம்மா, எங்கே போடணும்?" என்றார்.

முயலுக்கு மனசு கேட்கவில்லை. "ராஜாவுக்கு உடம்பு சரியில்லீங்க. முதல்ல டாக்டரைக் கூப்பிடுங்க. கையெழுத்து அப்புறம் ஆகட்டும்."

"லூசா நீ? நீட்டு, வாங்கு, போய்க்கிட்டே இரு," என்றது நரி.

முயலே ஓடிப்போய் டாக்டர் நாரையைக் கூட்டி வந்தது. அவர் மலமிளக்கி சிரப் ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

"குழப்பம் தலையில. மருந்து வயித்துக்கா?" என்று சிரித்தது நரி.

"குடல்ல உண்டாகிற விஷத்தைக் கெட்ட கல்லீரலால வடிகட்ட முடியல. அது தலைக்கு ஏறுது," என்றார் நாரை. "இந்த சிரப் குடலுக்குள்ள தண்ணியை இழுத்து எல்லாத்தையும் வெளியே தள்ளும். தினம் ரெண்டு மூணு தடவை போகணும். அதுக்கு மேல போனா அளவைக் குறைக்கணும்."

மூன்று நாள் ராஜா புதருக்கும் சிம்மாசனத்துக்கும் நடந்தார். காவல் கரடி ஒவ்வொரு தடவையையும் பதிவேட்டில் குறித்தது. நான்காம் நாள் ராஜா நரியை உற்றுப் பார்த்து, "நீ எங்கம்மா இல்லையே," என்றார்.

முயல் பூரித்துப்போய் மனுவை நீட்டியது. ராஜா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார்.

"தாய்ப்பத்திரம் எங்கே? வில்லங்கச் சான்று?"

"எங்க தாத்தா தோண்டின வளைங்க. பத்திரமெல்லாம் கிடையாது."

"அப்போ சட்டப்படி முடியாதுப்பா."

"மந்திரிக்கு மட்டும் எப்படிங்க?"

ராஜா ஆற்றங்கரைக் கோப்பைப் புரட்டினார். "இதுல என் கையெழுத்து இருக்கே. எல்லாம் முறையாத்தான் இருக்கு."

முதல் தூறல் விழுந்தபோது முயல் ஏழு குட்டிகளோடு வேறு காடு தேடிப் போய்க்கொண்டிருந்தது.

நீதி: கையெழுத்தை வாங்கிய பிறகே நோயாளியைக் குணமாக்கு.

சந்தேகம் தீராமல் பிறகு ஒரு மருந்தாளுநரிடம் விசாரித்தேன். கல்லீரல் நோயில் வரும் குழப்பத்துக்கு அப்படியொரு சிரப்பை உண்மையிலேயே தருகிறார்களாம். நிறுத்தினால் குழப்பம் திரும்பி வரக்கூடுமாம்.