நான் கொட்டிய மூன்று ஜாடிகள்

இளவயதில் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லிக்கொண்டதில் பாதி பொய். மீதிப் பாதிதான் ஆபத்தானது. அதை எண்பது வயதில் ஒப்புக்கொள்கிறேன்.

யுத்த காலம். கொல்லிமலையில், வாழவந்தி நாட்டுக் காய்ச்சல் ஆஸ்பத்திரியில் எனக்கு மொழிபெயர்ப்புக் குமாஸ்தா வேலை. டாக்டரம்மா போலந்திலிருந்து தப்பி வந்த யூதப் பெண். கூடவே அவருடைய அப்பா, வெண்தாடிப் பெரியவர். மலையேறி வந்த நாள் முதல் அவர் வாய் திறக்கவில்லை; தங்கள் யித்திஷ் மொழியில் மகளிடம்கூட.

அவர்களுடைய பஸ்கா பண்டிகை நெருங்கியது. அன்று மாலை ஆளுக்கு நாலு கோப்பை திராட்சரசம் குடித்துப் பாட வேண்டுமாம். "எங்கள் ஊரில் அப்பாதான் பாட்டை ஆரம்பிப்பார். நாலாவது கோப்பையில் பாடிவிடுவார், பாருங்கள்" என்று டாக்டரம்மா நம்பியிருந்தார்.

அதற்காக ஒரு மாதமாகச் சமையலறை ஜன்னலில் மூன்று கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் பீட்ரூட் துண்டுகள் ஊறின, அது ரோசல் என்ற புளிச்சாறு. ஒன்றில் உலர்ந்த திராட்சை. மூன்றாவதில் மலைத்தேனும் இஞ்சியும், அது மெட் என்ற தேன்மது. வெளியே மூடுபனி வந்து நிற்கும்போது, அவை சிவப்பும் பழுப்பும் பொன்னுமாக உள்ளிருந்தே ஒளிரும். ஒரு குமிழி மெல்ல மேலே வரும், கொஞ்சம் யோசிக்கும், உடையும். ஜாடிக்குள் யாரோ தூங்குகிறார்கள் என்று தோன்றும். நோயாளிகளின் பெயரை எழுதாமல் அதைப் பார்த்தபடி நின்ற காலைகள் உண்டு.

பண்டிகையன்று விடியற்காலையில் டாக்டரம்மா அரியூர் நாட்டுக்கு ஒரு பிரசவம் பார்க்கக் கிளம்பினார். போகும்போது, "நடுப்பகலுக்குள் வீட்டிலிருக்கும் 'லெவன்' எல்லாம் வெளியே போய்விட வேண்டும். ஒரு துளி இருக்கக் கூடாது" என்றார்.

(முதலில் 'இலெவன்' என்று காதில் விழுந்து, பதினொரு சாமானைத் தேட ஆரம்பித்தேன்.) பிறகு மிஷன் பள்ளியின் வேதபாடம் கைகொடுத்தது. அந்தச் சொல்லுக்குத் தமிழ் 'புளிப்பு'. அப்பாடா!

முதலில் புளிப்பானை போயிற்று. அடுத்து தயிர், எலுமிச்சை ஊறுகாய். பிறகு ஜாடிகளை முகர்ந்தேன். அந்த வீட்டில் அவற்றைவிடப் புளித்தது எதுவும் இல்லை.

சமையல்காரி பொன்னாயி தயங்கினாள். "ஏனுங்க சாமி, அம்மா தெனமும் நொரையெடுத்துப் பாத்துக்கிட்ட சாடிங்க. கொட்டோணுமுங்களா?"

"புளிப்பு கூடாது. உத்தரவு."

"தேனுத்தண்ணி இனிக்கவும் செய்யுதுங்களே?"

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்போ கொட்டு."

மிளகுக் கொடியடியில் மண் சிவந்தது. அதைக் கொத்திய கோழிகள் மத்தியானம் முழுக்கச் சாய்ந்து சாய்ந்து நடந்தன. அலமாரியில் கோதுமை ரொட்டியும் பிஸ்கட்டும் இருந்தன. புளிக்காத பண்டம் ஆயிற்றே! அவற்றைப் பண்டிகை மேஜையின் நடுவில் வைத்து, செம்பருத்தி ஒன்றையும் செருகினேன். பெரியவர் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் டாக்டரம்மா வந்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"ஜாடிகள்?"

"கொட்டியாயிற்று, மேடம்."

மேஜையைப் பார்த்தார். "ரொட்டி?"

"பத்திரம், மேடம்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விலக்க வேண்டியது மாவு பொங்கிச் செய்த ரொட்டியைத்தான், புளித்த பானங்களை அல்ல என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். கோபித்திருக்கலாம். கண்தான் நிறைந்திருந்தது.

"அழுவாதீங்க கண்ணு," என்றாள் பொன்னாயி. "மெளகும் வெல்லமும் தட்டிப்போட்டுத் தண்ணி காச்சித் தாரேன். எங்கூட்டுல விருந்தாளிக்கு அதானுங்க."

மொழிபெயர்த்தேன் (இந்த முறை சரியாக). டாக்டரம்மா உள்ளே போய் அப்பாவிடம் சொன்னார். பிறகு துருப்பிடித்த கதவைத் திறந்தாற்போல் ஒரு குரல். பெரியவர் பேசிவிட்டார்! திராட்சரசம் கிடைக்காத இடத்தில் அந்த நாட்டுப் பானமே போதும் என்றாராம்.

மேஜையிலிருந்ததெல்லாம் கோழிகளுக்குப் போயிற்று. பெரியவர் மூன்று கோப்பை மிளகுத் தண்ணீரை வியர்க்க வியர்க்கக் குடித்தார். நாலாவதையும் குடித்துவிட்டு, கண்ணை மூடி, பாட்டை ஆரம்பித்தார். பள்ளத்தாக்கில் பனி இறங்குவது போல அத்தனை மெதுவான ராகம். டாக்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முதல் அடி முடிவதற்குள் மிளகு தொண்டையைப் பிடித்தது. இருமல் நிற்கவே இல்லை. மகள் முதுகைத் தடவிக்கொடுக்க, பாட்டு அங்கேயே நின்றது.

அடுத்த பஸ்காவுக்குப் பெரியவர் இல்லை. திராட்சரசமாக இருந்திருந்தால் முழுப் பாட்டும் கேட்டிருக்கும். நான் கொட்டியது அதைத்தான்.

அந்த அரை அடியை இன்றும் பேரப்பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுகிறேன், இருமல் உட்பட. பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் இருமலையும் ராகம் பிசகாமல் பாடுகிறார்கள்.