வளையம் போட்டவர் பறக்கலாமா

போகலாம் சார். தாராளமாப் போகலாம். இளைக்கறதுக்காக வயித்துல வளையம் போட்டவங்க ஏரோப்ளேன்ல ஏறக் கூடாதுன்னு எந்த டாக்டரும் சொல்லல. உலகத்துலயே அப்படிச் சொன்ன ஒரே ஆள் நான்தான். சொன்னதுக்கு இன்னிக்கு வரைக்கும் அனுபவிக்கிறேன்.

உக்காருங்க. உங்க முறை வர இன்னும் நாலு பேர் இருக்காங்க. எனக்குப் பாத்தாச்சு, நர்ஸம்மா சீட்டு எழுதித் தரணும். அதுவரைக்கும் சொல்றேன்.

உங்களுக்கு எப்பப் போட்டாங்க? மூணு மாசமா? எனக்கு வர்ற மாசத்தோட ஒண்ணரை வருஷம். நூத்தி முப்பத்தொண்ணு இருந்தேன். இப்ப தொண்ணூத்தாறு. முப்பத்தஞ்சு கிலோ போயிடுச்சு. எங்க போச்சுன்னு கேக்காதீங்க, நான் தேடல.

கல்யாணத்தப்போ விரல்ல ஒரு வளையம். அம்பத்து மூணு வயசுல இரைப்பையில ஒரு வளையம். ரெண்டுமே என் வீட்டுக்காரி சொல்லித்தான் போட்டுக்கிட்டேன். முதல் வளையத்துல பேச்சு குறைஞ்சது. ரெண்டாவதுல சாப்பாடு குறைஞ்சது. இப்ப என் வாய்க்கு வேலையே இல்ல. அதான் உங்களைப் பிடிச்சு வச்சுப் பேசிட்டிருக்கேன்.

நான் டயர் கடைக்காரன். முப்பத்தோரு வருஷமா ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் காத்து அடிக்கிறேன். அவ தையல்காரி. முன்னறையில ரெண்டு மெஷின். பத்து நாளைக்கு ஒரு தடவை என் இடுப்புல நாடா போடுவா. தராசை ஏமாத்தலாம் சார், லேசா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கலாம். நாடாவை ஏமாத்த முடியாது. மூச்சை இழுத்துப் பிடிச்சேன்னா, நான் விடற வரைக்கும் வாயில குண்டூசியோட காத்திட்டிருப்பா.

அவளுக்கு ஒரு அண்ணன். ஒரே அண்ணன். ஒன்பது மணி நேரம் பறக்கணும், அவ்ளோ தூரம். பள்ளிக்கூடத்துல விளையாட்டு வாத்தியாரா இருந்து ஓய்வு வாங்கினவர். ஆள் குச்சி மாதிரி இருப்பார். ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை போனோம். ப்ளேன்ல பெல்ட் எட்டல. அந்தப் பொண்ணு இன்னொரு துண்டு பெல்ட் கொண்டு வந்து ஒட்டுப் போட்டுச்சு. அதுகூடப் பரவால்ல. அண்ணன் வீட்டுல பன்னெண்டு நாள் இருந்தேன் பாருங்க, அதைத்தான் மறக்க முடியல. காலையில அஞ்சு மணிக்குப் போர்வையை உருவுவார். மலை ஏத்துவார். சாப்பிடறப்போ என்கிட்டப் பேச மாட்டார், என் தட்டுகிட்டப் பேசுவார். "போதுமே, போதுமே"ன்னு. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு என் பேர் தெரியாது, எடை தெரியும்.

திரும்பி வந்ததும் அவகிட்டச் சொல்லிட்டேன், "இளைச்சதுக்கப்புறம்தான் இனிமே அங்க போறது."

அன்னிக்கு அது எனக்கு ரொம்பப் பாதுகாப்பான பேச்சாத் தெரிஞ்சுது. இந்த ஜென்மத்துல இளைக்க மாட்டேன்னு ஒரு நம்பிக்கை.

அண்ணனை இங்க வரச் சொல்லியும் அவ கேட்டுக்கிட்டே இருந்தா. அவர் வரல. தோட்டத்தை விட்டுட்டு வர முடியாதாம். அண்ணன் முகத்தைப் பாக்காம ஏழு வருஷம் ஓட்டிட்டா, பாவம். அது எனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன்.

போன வருஷம் ஒரு நாள் நாடாவைப் போட்டுப் பாத்தா. சுருட்டி வச்சா.

"இளைச்சாச்சு. எப்பப் போறோம்?"

"எங்க?"

"அண்ணன் வீட்டுக்கு. நாப்பது நாள்."

பன்னெண்டு நாளே அப்படி. நாப்பது நாள்னா என்னை எலும்பா எடுத்துட்டு வரணும். அப்பதான் வாயைக் கொடுத்தேன்.

"போகலாம்தான். ஆனா வளையம் இருக்கே."

"இருந்தா என்ன?"

"மேல போகப் போக வெளியில காத்தோட அழுத்தம் குறையும். உள்ள அடைச்சிருக்கறது விரியும். ப்ளேன்ல சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கிட்டு நிக்கும், பாத்திருக்கியா? அதே கதைதான். வளையம் உப்பி இரைப்பையை நெரிச்சிரும்."

"அப்படியா?" மெஷினை நிறுத்திட்டா. கோபமே இல்ல. புதுசா ஒரு துணியை வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கற மாதிரி என்னைப் பாத்தா. "எவ்ளோ விரியும்?"

எனக்கும் அது தெரியல சார். அதுதான் வினை. பொய்தான் சொன்னேன், ஆனா சொன்னதும் எனக்கே அது என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணிடுச்சு. எவ்ளோ விரியும்? கடையில லாரி டியூபைப் பாத்துக்கிட்டே நாலு நாள் யோசிச்சேன்.

எங்க கடையில பஞ்சர் மருந்து ஏத்தற பெரிய ஊசிக்குழல் ஒண்ணு இருக்கு, முழங்கை நீளம். ஞாயித்துக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சின்ன பலூன்ல ஒரு மூச்சு ஊதி முடிச்சுப் போட்டு உள்ள விட்டேன். முன்வாயைக் கட்டைவிரலால அடைச்சுக்கிட்டு, பின்னாடி இருக்கற தண்டை இழுத்தேன். பலூன் பொம்முனு பெருசாச்சு சார். கண்ணு முன்னாடி.

அவ கத்திரிக்கோலைக் கீழ வச்சுட்டுப் பக்கத்துல வந்து உக்காந்தா.

"இன்னொரு தடவை இழுங்க."

இழுத்தேன்.

"விடுங்க."

விட்டேன். சுருங்கிச்சு.

"இதான் ப்ளேன்ல உங்களுக்கு நடக்குமா?"

"இதேதான்."

"நல்லா இருக்குங்க, பாக்க." கொஞ்சம் யோசிச்சா. "அந்த வளையத்துக்குள்ள அடைச்சிருக்கறது காத்தா, தண்ணியா?"

"அது... ரெண்டும் ஒண்ணுதான்."

"டயருக்குத் தண்ணி அடிப்பீங்களா?"

எனக்கு அது தோணவே இல்ல சார். தோலுக்குக் கீழ வால்வு இருக்கு, வளையத்துல டியூப் இருக்கு. டயர்காரன் அதைப் பாத்தா உள்ள காத்துன்னுதான் நெனப்பான். ஒவ்வொரு தடவையும் வளையத்தை இறுக்க நர்ஸம்மா ஊசி குத்தறப்போ நான் மேல ஃபேனைப் பாத்துட்டிருப்பேன். பக்கத்துல நின்னு ஊசியைப் பாத்தது அவதான்.

"உப்புத் தண்ணிங்க. நான் பாத்தேன். பலூன்ல தண்ணி ரொப்பி இழுங்க பாப்போம்."

ரொப்பினேன். இழுத்தேன். அசையல. பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தேன், தோள்பட்டை பிடிச்சுக்கிச்சே தவிர பலூன் கல்லு மாதிரி அப்படியே இருந்துச்சு. நான் வேலைக்குப் போய்க்கிட்டே ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். காத்து பத்தின பாடத்தை முழிச்சிருந்து கேட்டேன். அடுத்த நாள் தண்ணி பத்தின பாடம். அன்னிக்கு அசந்து தூங்கிட்டேன்.

அதோட கப்சிப்னு இருந்திருக்கலாம். இருந்தேனா? இங்க கொடுக்கற சின்னப் புத்தகம் இருக்கு பாருங்க, அதைப் புரட்டினேன். அதுல ஒரு வரி கிடைச்சுது. ப்ளேன்ல சில பேருக்கு வளையம் கொஞ்சம் இறுக்கமாத் தோணும், தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கணும், தேவைப்பட்டா டாக்டர் முன்கூட்டியே கொஞ்சம் தளர்த்தி விடுவார். அவ்ளோதான். அந்தச் 'சில பேரு'ல நான் போய் உக்காந்துக்கிட்டேன்.

"பாத்தியா, போட்டிருக்கு. வளையம் விரியாது. வயித்துல இருக்கற காத்து விரியும்."

"அது எல்லாருக்கும் விரியுமே."

"எல்லாருக்கும் வளையம் இருக்கா?"

அவ என்னை ஒரு பார்வை பாத்தா. அப்புறம், "சரிங்க. எதுக்கு வம்பு. நீங்க போக வேணாம்"னா.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல நான் ஜெயிச்ச முதல் வாதம் சார் அது. பயமா இருந்திருக்கணும். சந்தோஷமா இருந்துச்சு.

அவ தனியாப் போயிட்டு வருவா. நாப்பது நாள் வீட்டுல நான் ராஜா. நாடா இல்ல. ஐஸ்கிரீம் உண்டு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்குமே, இந்த வளையம் கெட்டியானதைத்தான் நிறுத்தும். ரொட்டி ஒரு துண்டு கூடுதலாப் போனா வாசல்லயே நிக்கும். ஐஸ்கிரீம் அப்படி இல்ல. உருகிக்கிட்டே, "கொஞ்சம் வழி விடுங்க"ன்னு போயிடும். எட்டு டப்பா வாங்கி, கடைக்குப் பக்கத்துல இருக்கற மீன்காரர் ஐஸ் பெட்டியில வச்சேன். வாசனை கொஞ்சம் ஏறிடுச்சு. பரவால்லன்னு விட்டுட்டேன்.

அப்ப அவ ஒண்ணு சொன்னா. "அண்ணன்கிட்ட நீங்களே பேசிடுங்க. நான் சொன்னா, ஏதோ சண்டைன்னு நெனப்பார்."

நியாயமாத்தான் பட்டுச்சு. போன் போட்டேன். நாப்பது நிமிஷம் பேசினேன் சார். அழுத்தம், சிப்ஸ் பாக்கெட், காத்து பலூன் எல்லாம் சொன்னேன். தண்ணி பலூனைச் சொல்லல. அப்புறம் அந்தப் பக்கத்துல அண்ணன் குரல் வந்துச்சு.

"மாப்ள, இவ்ளோ கஷ்டத்தையா வயித்துல வச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"என்ன மச்சான் பண்றது."

"நான் உங்களைத் தப்பாப் பேசியிருக்கேன், மாப்ள."

நான் சொன்ன பொய்க்கு நானே அழுதுருவேன் போல இருந்துச்சு.

சனிக்கிழமை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினோம். அவ கைப்பை மட்டும் எடுத்துக்கிட்டா. பெட்டி எங்கன்னு கேட்டேன். "தேவைப்படாது"ன்னா. அண்ணன் வீட்டுல எல்லாம் இருக்கும்போலன்னு விட்டுட்டேன். தனியாப் போறேன்னு அவ ஒரு வார்த்தை சொல்லல சார். யோசிச்சுப் பாத்தா, நானாத்தான் அனுப்பி வச்சுக்கிட்டேன்.

உள்ள போனதும் நான் புறப்படற பக்கம் நடந்தேன். அவ கையைப் பிடிச்சு இந்தப் பக்கம் திருப்பினா.

"இது வர்றவங்க வழிம்மா."

"ஆமாங்க."

கண்ணாடிக் கதவு திறந்துச்சு. குச்சி வெளிய வந்துச்சு. அவ ஓடினா. இடுப்பு வலிக்குது, படி ஏற மாட்டேன்னு சொல்றவ, சின்னப் பொண்ணு மாதிரி ஓடினா. அண்ணனும் தங்கச்சியும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அதைப் பாத்ததும் கோபப்படக்கூட முடியல எனக்கு.

"மாப்ள, உங்களால வர முடியலன்னா என்ன, எனக்கு வளையமா இருக்கு? நான் வர மாட்டேனா?"ன்னு சொல்லிட்டு, பையை எடுக்கறதுக்காக டிக்கெட்டை என் கையில கொடுத்தார். பாத்தேன். வாங்கின தேதி போட்டிருந்துச்சு. பன்னெண்டு. நான் ஊசிக்குழலை வீட்டுக்குக் கொண்டு வந்த ஞாயித்துக்கிழமை பதினாறு.

வீட்டுக்கு வந்து, அவர் குளிக்கப் போன நேரத்துல கேட்டேன்.

"அப்போ நான் சிப்ஸ் பாக்கெட்னு வாயைத் திறந்த அன்னிக்கே டிக்கெட் வாங்கியாச்சு?"

"அன்னிக்குச் சாயந்திரம். முதல்ல நர்ஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். தாராளமாப் போகலாம்னாங்க. அப்புறம் அண்ணனுக்குப் பண்ணினேன். உங்களுக்கு முடியலன்னதும் ஒத்துக்கிட்டார்."

"அப்புறம் எதுக்கு என்னைப் பேசச் சொன்ன?"

"தோட்டத்தை நெனச்சுக் கடைசியில இழுத்தார். நீங்க பேசினீங்க. உடனே பூட்டிட்டுக் கிளம்பிட்டார். நான் ஏழு வருஷமாக் கூப்பிட்டும் வரலங்க. நீங்க நாப்பது நிமிஷத்துல வர வச்சுட்டீங்க."

"தெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல உக்காந்து பலூனை இழுக்கச் சொன்னியே."

"நீங்க எவ்ளோ தூரம் போவீங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சு." சொல்லிட்டு ஊசியில நூல் கோத்தா. "எங்க அண்ணன் வீட்டுக்குப் போகாம இருக்க ஒரு மனுஷன் இவ்ளோ படிச்சு நான் பாத்ததில்ல."

ஐஸ்கிரீமா? மீன்காரர் தின்னுட்டார்.

அதனால உங்களுக்குச் சொல்றேன் சார், பயப்படாம போங்க. சோடா வேணாம். தண்ணியை வாய் வாயாக் குடிங்க. நல்லா மென்னு சாப்பிடுங்க, அப்பப்போ எழுந்து நடங்க. ரொம்பத் தூரப் பயணம்னா முன்னாடியே உள்ள கேட்டுக்கோங்க. வளையம் போட்டிருக்குன்னு இங்க கொடுத்த அட்டையைப் பையில வச்சுக்கோங்க. பெல்ட் ஒட்டுப் போடாமலே எட்டும். அது எப்படி இருக்கும்னு பாக்க எனக்கு ஆசைதான்.

அண்ணனா? நாப்பது நாளுக்குத்தான் வந்தார். இது அஞ்சாவது மாசம். இப்பக்கூட உள்ள உக்காந்து எனக்கு என்ன சாப்பாடு தரணும்னு அந்த டயட்டம்மாவுக்கே பாடம் எடுத்துட்டிருக்கார். தோட்டத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பாத்துக்கறாராம். கிளம்பலையா மச்சான்னு போன வாரம்கூடக் கேட்டேன். வர்றப்போ ப்ளேன்ல அவருக்கு வயிறு உப்பிடுச்சாம். "மாப்ள, நீங்க சொன்னப்போகூட நான் முழுசா நம்பல. சத்தியமா விரியுது. இனிமே நான் ஏற மாட்டேன்"ங்கறார். தண்ணி பலூனைக்கூடச் செஞ்சு காட்டினேன். கேக்கல. அதோ, வர்றார்.

"மாப்ள, சீட்டு வாங்கியாச்சு, வாங்க. நடந்தே போயிடலாம்."

"கார் வெளிய நிக்குதே மச்சான்."

"இல்லையே. தங்கச்சி வந்து ஓட்டிட்டுப் போயிட்டா."

வரேன் சார்.